ரோமம் கத்தரித்த குதிரையைக் குளிர்காலத்தில் வெளியிலேயே வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷைரில், பெனைன் மலையடிவாரத்தில் ஒரு பெண்குதிரையைப் பராமரித்து வருகிறேன். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் கலப்பு, மெல்லிய தோல், ஐந்நூறு கிலோவை ஒட்டிய எடை. கோடை, குளிர் இரண்டுக்கும் அவளுக்கு மேய்ச்சல் வயல்தான் வீடு. வாரத்தில் நாலு நாள் சவாரி இருப்பதால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் ரோமத்தில் ஒரு பகுதியைக் கத்தரிக்கிறோம். பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களும், முதல்முறை குதிரை வாங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நான் சொல்வதெல்லாம் பிரிட்டன் மாதிரி ஈரமும் காற்றும் கலந்த குளிருக்குத்தான் பொருந்தும். கனடாவின் வறண்ட உறைபனிக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

குளிர்காலத்தில் போய் ரோமத்தை வெட்டுவது கொடுமை இல்லையா?

முதல்முறை பார்க்கும் யாருக்கும் வரும் கேள்விதான். எனக்கும் வந்தது.

குதிரைக்கு வேலையே இல்லையென்றால் வெட்டவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குளிர்கால ரோமத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டமும் பாய்ச்சலுமாக வேலை செய்த குதிரையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து, மார்பு, விலா எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். குதிரை வியர்வையில் லாதெரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்பு மாதிரி நுரைத்து, வியர்வையை ரோமத்தின் நுனிவரை பரவவைத்துச் சீக்கிரம் ஆவியாக்குவது அதன் வேலை. கோடையின் குட்டை ரோமத்தில் இது அருமையாக நடக்கும். டிசம்பரில் அடர்ந்து நிற்கும் ரோமத்திலோ ஈரம் அடியில் தங்கிவிடும். முழுதும் உலர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஈரத்தோடு இருட்டில் நிற்கும் குதிரைக்குத் தன் ரோமத்தாலேயே பயன் இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் சூட்டைப் பிடித்துவைப்பது ரோமங்களுக்கு இடையில் தங்கும் காற்று. நனைந்தால் அந்தக் காற்று போய்விடும்.

அதனால்தான் வியர்க்கும் இடத்தை மட்டும் வெட்டுகிறோம். வெட்டிய அன்றைக்கே ஒரு கடன் நம் தலையில் ஏறுகிறது. அதுவரை அவள் உடம்பே பார்த்துக்கொண்ட வேலையை இனி தினமும் நாம் செய்ய வேண்டும், வசந்தம் வரும்வரை. ஒருநாள்கூட விடுப்பு எடுக்க முடியாது.

எந்தக் குதிரைக்கு வெட்ட வேண்டாம்?

வாரம் ஒருமுறை, இருமுறை நடையும் கொஞ்சம் மெல்லோட்டமுமாகப் போய்வரும் குதிரைக்கு வேண்டாம். எடை ஏறாத கிழக்குதிரைக்கு வேண்டாம் (குஷிங் நோய் வேறு கதை, கீழே சொல்கிறேன்). தினமும் இரண்டு வேளை வந்து பார்க்க ஆள் இல்லாத குதிரைக்கு நிச்சயமாக வேண்டாம்.

எக்ஸ்மூர், ஷெட்லாண்ட், ஃபெல், ஹைலாண்ட் போன்ற பிரிட்டனின் சொந்தக் குட்டைக்குதிரை இனங்களுக்கு இரண்டடுக்கு ரோமம் உண்டு. உள்ளே பஞ்சு போல ஓர் அடுக்கு, வெளியே எண்ணெய்ப்பசையோடு நீளமான அடுக்கு. எக்ஸ்மூர் குதிரையின் முதுகில் பனி உருகாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்பின் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. இப்படிப்பட்ட குதிரையைக் கத்தரித்துவிட்டு அதற்கு மேல் நாம் காசு கொடுத்து வாங்கிய போர்வையைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எவ்வளவு வெட்டுவது? பெயர்களைக் கேட்டாலே குழப்பமாக இருக்கிறதே?

குறைவிலிருந்து கூடுதலுக்குப் போவோம். பிப் கிளிப்பில் கழுத்தின் அடிப்பக்கமும் மார்பின் முன்பக்கமும் மட்டும் போகும். டிரேஸ் கிளிப்பில் கழுத்தின் கீழ்ப்பாதி, மார்பு, வயிறு, விலாவின் கீழ்ப்பகுதி போகும். வண்டிக்குதிரைக்கு இழுவார் கட்டுவார்களே, அது உடம்பில் படியும் கோட்டை வைத்து வந்த பெயர் அது. பிளாங்கெட் கிளிப்பில் முதுகிலும் பின்புறத்திலும் போர்வை விரித்த மாதிரி ரோமம் நிற்கும், கால்களிலும் நிற்கும், மற்றதெல்லாம் போகும். ஹன்டர் கிளிப்பில் கால்களும் சேணம் உட்காரும் இடமும் மட்டுமே தப்பும். ஃபுல் கிளிப்பில் எதுவும் மிஞ்சாது.

இரவும் பகலும் வெளியில் இருக்கும் குதிரைக்கு டிரேஸ் கிளிப்பைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் என் முடிவு. முதுகும் இடுப்பும் மழையை நேரடியாக வாங்கும் இடங்கள். அங்கே ரோமம் இருந்தால், போர்வை கிழிந்தாலும் நழுவினாலும் விடியும்வரை தாக்குப்பிடிக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படும். இவள் என்னிடம் வந்த முதல் குளிர்காலத்தில், யார்டில் (பணம் வாங்கிக்கொண்டு பலருடைய குதிரைகளை வைத்திருக்கும் இடம்) இருந்த மற்ற குதிரைகளைப் பார்த்து, ஹன்டர் கிளிப் போட்டுவிட்டேன். அவற்றுக்கு ராத்திரி லாயம் இருந்தது, இவளுக்கு இல்லை. வேலையும் அவற்றுக்கு அதிகம். ஜனவரி நடுவில் போர்வையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்தபோது விலா எலும்புகளை எண்ண முடிந்தது. அதுவரை போர்வையோடே பார்த்துப் பார்த்து எனக்குத் தெரியவே இல்லை. அந்த எடையைத் திரும்ப ஏற்ற ஏப்ரல்வரை ஆயிற்று.

வெட்டவே கூடாத இடம் உண்டா?

உண்டு. மூக்கையும் வாயையும் கண்ணையும் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மீசைமயிர்கள். மூக்குக்கு நேர் எதிரே இருப்பது குதிரையின் கண்ணுக்குப் படாது. இருட்டில் புல்லையும் தொட்டியையும் வேலியையும் இந்த மயிர்களால் தடவித்தான் அறிகிறது. அவற்றை வெட்டிய குதிரையைப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. காதின் உட்புற ரோமத்தையும் தொடாதீர்கள், மழையும் பூச்சியும் உள்ளே போகாமல் தடுப்பது அது.

வெளியில் வாழும் குதிரைக்குக் கால்களில் உள்ள ரோமத்தையும் விட்டுவிடுங்கள். சேற்றுக்கும் தோலுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

முதல் கத்தரிப்பு எப்போது?

குளிர்கால ரோமம் முழுசாக வந்த பிறகு. இங்கே பெரும்பாலும் அக்டோபர். ரோமம் வளர்வதற்குக் குளிரைவிடப் பகல் குறைவதுதான் முக்கியக் காரணம். ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதுமே உடம்புக்குச் செய்தி போய்விடும். நாம் வியர்வையில் நனைந்துகொண்டிருக்கும் ஆகஸ்டிலேயே குதிரையின் தோலுக்கடியில் அடுத்த ரோமம் தயாராகும். அவசரப்பட்டு செப்டம்பரில் வெட்டினால் மூன்று வாரத்தில் திரும்ப வளர்ந்து நிற்கும்.

வெட்டும் நாளன்று என்ன கவனிக்க வேண்டும்?

குதிரை சுத்தமாக, முழுக்க உலர்ந்து இருக்க வேண்டும். அழுக்கும் ஈரமும் பிளேடை மழுக்கிவிடும், மழுங்கிய பிளேடு ரோமத்தைப் பிடித்து இழுக்கும். இழுபட்ட குதிரை அடுத்த வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே மிரளும். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி எண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். மின்சாரக் கருவி என்றால் மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம், ஈரத்தரையில் வேலை வேண்டாம்.

பயந்த குதிரையோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் ஒரு வாரம் கருவியைத் தூரத்தில் ஓடவிட்டுத் தீனி கொடுங்கள். அப்புறம் ஓடாத கருவியால் தோளைத் தடவுங்கள். பொறுமையாகப் போனால் பெரும்பாலானவை அடங்கிவிடும். அப்படியும் முடியாவிட்டால் கால்நடை மருத்துவரை வரவழைத்து மயக்க மருந்து கொடுக்கச் செய்யலாம்.

ஒருபக்கம் கோணலாக வந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். பத்து நாளில் கோடு மங்கிவிடும்.

வெட்டிய பிறகு ராத்திரியும் வெளியே விடலாமா? லாயம் வேண்டாமா?

விடலாம், மூன்று ஏற்பாடு இருந்தால். மழை புகாத போர்வை, காற்றிலிருந்து ஒதுங்க ஓர் இடம், வயிறு நிறைய உலர்புல்.

வெளியில் இருப்பதில் நல்லதும் நிறைய. நடந்துகொண்டே இருப்பதால் கால்கள் வீங்குவதில்லை. உலர்புல் தூசியும் லாயத்துக் காற்றும் நுரையீரலுக்குப் போவது குறைவு. கூட்டாளிக் குதிரைகளோடு ஒன்றையொன்று சொறிந்துகொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேர்ந்து நிற்கும். லாயத்தில் பதினாறு மணி நேரம் தனியாக அடைபட்ட குதிரையின் முகத்தையும், வயலில் நிற்கும் குதிரையின் முகத்தையும் ஒருமுறை அருகருகே பார்த்துவிட்டால் நான் ஏன் இத்தனை பாடுபடுகிறேன் என்று புரியும்.

ஒதுங்கிடம் என்றால் மூன்று சுவரும் கூரையும் உள்ள கொட்டகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடர்ந்த புதர்வேலி, கற்சுவர், மரக்கூட்டம்கூடப் போதும். ஆனால் இலை உதிர்ந்த பிறகும் காற்றைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அக்டோபரில் அருமையாகத் தெரிந்த வேலி டிசம்பரில் சல்லடை ஆகிவிடும். பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் கொட்டகையின் வாய் அந்தத் திசையைப் பார்க்கக் கூடாது. கூட்டத்தில் அதட்டுகிற குதிரை ஒன்று இருந்தால் அது மட்டும் உள்ளே நின்று மற்றவற்றை மழையில் நிறுத்திவிடும். வாய் அகலமாக இருந்தால் அடங்கிய குதிரைக்கும் நுழைய, தப்பிக்க வழி கிடைக்கும்.

போர்வையில் 200 கிராம், 300 கிராம் என்கிறார்களே, அது என்ன? எதை எப்போது போடுவது?

குதிரைப் போர்வையை இங்கே ரக் என்பார்கள். வயலுக்கானது டர்ன்அவுட் ரக், மழை புகாதது. லாயத்துக்கானது ஸ்டேபிள் ரக், மழை தாங்காது. இரண்டாவதைப் போட்டு வயலில் விட்டுவிடாதீர்கள். நனைந்த மெத்தையைச் சுமந்துகொண்டு நிற்கும் நிலைதான்.

கிராம் என்பது உள்ளே அடைத்திருக்கும் பாலியெஸ்டர் பஞ்சின் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. வெறும் மழைத்தடுப்பு மட்டும் என்றால் பூஜ்யம். 50, 100, 200, 300, 400 என்று ஏறும். டெனியர் என்று இன்னொரு எண் இருக்கும். அது வெளித்துணி நூலின் தடிமன், சூட்டோடு சம்பந்தமில்லை. 600 டெனியர் சாதுவான குதிரைக்கு. ஒன்றையொன்று பிடித்து இழுத்து விளையாடும் கூட்டத்துக்கு 1200க்குக் குறைந்து வாங்கினால் மாதக்கணக்கில் வராது.

எதை எப்போது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அட்டவணை கொடுக்க முடியாது. நல்ல உடம்போடு, ரோமத்தோடு, நனையாமல் இருக்கும் குதிரை பூஜ்யத்துக்குக் கீழேயும் சும்மா நிற்கும். அதே குதிரையை வெட்டிவிட்டால் அல்லது நனையவிட்டால் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதுமே சூட்டைக் காக்க உடம்பு கூடுதலாக உழைக்கத் தொடங்கிவிடும். டிரேஸ் கிளிப் போட்ட என் மெல்லிய தோல்காரிக்கு நான் செய்வது இது: பத்து டிகிரிக்கு மேல், மழை இருந்தால் பூஜ்யம் அல்லது 50 கிராம். ஐந்து டிகிரியிலிருந்து பத்துவரை 100 கிராம். பூஜ்யம் டிகிரியிலிருந்து ஐந்துவரை 200 கிராம். அதற்கும் கீழே, அல்லது ஐந்து டிகிரியிலேயே பக்கவாட்டு மழையும் பலத்த காற்றும் சேர்ந்தால், 300 கிராமும் கழுத்து மூடியும். உங்கள் குதிரை கொழுத்த உடம்புக்காரன் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு படி இறக்குங்கள். முழுக்க வெட்டியிருந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

முன்னறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றையும் மழையையும் முதலில் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியில், வெயில் அடித்துக் காற்றே இல்லாத நாள் குதிரைக்குத் திருவிழா. நாலு டிகிரியில் நாள் முழுக்கப் பெய்யும் மழைதான் எனக்குப் பயம்.

போர்வை சரியாகப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மார்பின் நடுவிலிருந்து பின்புறத்தின் கடைசி முனைவரை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். போட்டதும் கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் கையை நுழைத்துப் பாருங்கள். கை சிரமமில்லாமல் போக வேண்டும். வயிற்றுக்கடியில் குறுக்கே போகும் வார்களுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் இருக்கட்டும். அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். பின்னங்கால் வார்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து மாட்டினால் உள்தொடையில் உரசாது.

தோளில் ரோமம் தேய்ந்து பளபளத்தால் அந்தப் போர்வையின் வெட்டு உங்கள் குதிரைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். வழவழப்பான உள்சட்டை போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் வேறு வெட்டில் வாங்குவதுதான் தீர்வு.

அவளுக்குக் குளிருகிறதா, புழுங்குகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

காதைத் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் காது, கால் நுனிகளுக்கு ரத்தத்தைக் குறைத்துத்தான் உடம்பு நடுப்பகுதியைக் காக்கிறது. ஆகவே சில்லென்ற காது குளிருக்குச் சாட்சி ஆகாது. போர்வைக்குள் கையைவிட்டு, தோளுக்குப் பின்னால் உள்ளங்கையை ஒரு நிமிடம் வையுங்கள். உலர்ந்து, இளஞ்சூடாக இருந்தால் சரி. பிசுபிசுத்தால் போர்வை கனம் அதிகம். இது வெறும் அசௌகரியம் அல்ல, வெப்பத்தை வெளியேற்றக் குதிரைக்கு வேறு வழியே இல்லாமல் அடைத்துவைத்திருக்கிறோம். சில்லென்றிருந்தால், அடிவயிறு இறுகி, வால் கவட்டுக்குள் ஒடுங்கி, உடம்பு நடுங்கினால், குளிர் அதிகம். உலர்ந்த போர்வைக்கு மாற்றி, உலர்புல்லைப் போட்டு, காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அரைமணி நேரத்தில் நடுக்கம் நிற்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நமக்குக் குளிருகிறதே என்று குதிரைக்கும் போடுவதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு. அன்பால் செய்வதுதான், ஆனால் குதிரை உடம்பு நம் உடம்பு இல்லை.

அதற்கு என்ன வேண்டும் என்று அதையே கேட்க முடியாதா?

கேட்டிருக்கிறார்கள்! நார்வேயில் ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு அடையாளப் பலகைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போடுவார்கள், இன்னொன்றைத் தொட்டால் கழற்றுவார்கள், மூன்றாவது இருப்பது இருக்கட்டும் என்பதற்கு. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. நல்ல வெயிலில் கழற்றச் சொல்லின, ஈரமும் காற்றும் குளிருமான நாளில் போடச் சொல்லின. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த அன்று சாயங்காலம் வயலுக்குப் போனபோது, என் பெண்குதிரையிடம் கொஞ்சம் வேறுமாதிரிப் பேசினேன். பலகை இல்லாவிட்டாலும், போர்வையை எடுத்துக்கொண்டு போகும்போது தலையை நீட்டி வருகிறாளா, நகர்ந்து விலகுகிறாளா என்பதை அன்றிலிருந்து கவனிக்கிறேன்.

தீனி எவ்வளவு கூட்டுவது? கொள்ளு வேகவைத்துக் கொடுத்தால் சூடு என்பார்களே?

ஊரிலிருந்து பேசும் பெரியவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. நம்மூர்க் குதிரைகளுக்குக் கொள்ளு பழக்கமான தீனி. ஆனால் இங்குள்ள குதிரைக்கு அது பழக்கமில்லை, புதிதாக எதைத் திடீரென்று கொடுத்தாலும் வயிற்றுவலியில் முடியலாம். குளிரில் உடம்பைச் சூடாக வைப்பது உலர்புல்லில் இருக்கும் நார். குதிரையின் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கின்றன, அந்த நொதித்தலில் வெளிப்படும் சூடு மணிக்கணக்கில் நீடிக்கும். தானியத்தால் இவ்வளவு சூடு வராது.

ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் இரண்டு சதவீதம் உலர்புல். ஐந்நூறு கிலோக் குதிரைக்குப் பத்து கிலோ. குளிர் கடுமையானால் அதற்கு மேலும், சாப்பிடச் சாப்பிடப் போடுவேன். குளிர்காலப் புல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பச்சையாகத் தெரியும், சத்து இருக்காது. கூட்டமாக மேயும் வயலில் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் அதிகம் வையுங்கள், விரட்டப்பட்ட குதிரைக்கும் ஒன்று கிடைக்கும். ராத்திரிக்கு வேண்டியதை இருட்டுவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போர்வையைக் கழற்றி விலா, முதுகெலும்பு, இடுப்பு மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எடை அளக்கும் டேப்பால் அளந்து எழுதியும் வையுங்கள். நான் இழந்த அந்த ஜனவரிக்குப் பிறகு இதைத் தவறவிட்டதே இல்லை.

தொட்டியில் தண்ணீர் உறைந்தால்?

உலர்புல் தின்னும் குதிரைக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். சில்லென்ற தண்ணீரைக் கண்டு குதிரை குடிப்பதைக் குறைக்கும். அப்போது காய்ந்த தீனி குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும், சில சமயம் உயிரே போகும். குளிரைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. காலையிலும் மாலையிலும் பனிக்கட்டியை உடைத்து, துண்டுகளை வெளியே அள்ளிப் போடுங்கள், விட்டுவைத்தால் ஒட்டிக்கொண்டு மறுபடி உறையும். தொட்டியில் மிதக்கும் கால்பந்து லேசான உறைபனியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், கடும் பனிக்கு உதவாது. கேனில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் அவள் ஒரே மூச்சில் அரை வாளி குடிப்பாள்.

சேற்றில் நிற்பதால் காலில் பொருக்கு வருகிறது. என்ன செய்வது?

மட் ஃபீவர் என்பார்கள். டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற கிருமி, ஈரத்தில் ஊறி வெடித்த தோல் வழியாக நுழைகிறது. முதுகில் வந்தால் ரெய்ன் ஸ்கால்டு என்று பெயர், கிருமி அதேதான். தினமும் குழாய் வைத்துக் கழுவுவது உதவி மாதிரித் தெரியும், ஆனால் தோலை இன்னும் ஊறவைக்கும். சேறு காயட்டும், அப்புறம் மெதுவான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வயல் வாசலிலும் தொட்டியைச் சுற்றியும்தான் சேறு அதிகம் சேரும், அங்கே கல் கொட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை போகும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். கால் வீங்கினாலோ நொண்டினாலோ மருத்துவர்தான்.

சவாரி முடிந்ததும் நேராக வயலில் விடலாமா?

கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடையாகவே திரும்பி வாருங்கள், மூச்சு அடங்கட்டும். வந்ததும் ஈரத்தை உறிஞ்சும் கம்பளிப் போர்வை. தோல் உலர்ந்த பிறகே மழைப்போர்வை. வெட்டியதன் பலன் இங்கேதான் கைக்குத் தெரியும். முன்பு இரண்டு மணி நேரம் காத்திருந்த இடத்தில் இப்போது இருபது நிமிடம்.

வயதான குதிரைக்குக் குஷிங் நோய். ரோமம் உதிராமல் சுருண்டு கிடக்கிறது. வெட்டலாமா?

பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைகளில் அடிக்கடி பார்க்கிற நோய். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கோளாறு. பெர்கோலைடு மாத்திரை தினமும் கொடுப்பார்கள். இவற்றை வேலைக்காக அல்லாமல் சுகத்துக்காக வெட்டுகிறோம், புழுங்கி வியர்த்துக் கிடக்காமல் இருக்க. உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் திறன் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால், மற்றக் குதிரையைவிட இதற்குப் போர்வை மாற்றும் வேலை அதிகம். மருத்துவரிடம் பேசிவிட்டு, மிதமான நாளில், குறைவாக வெட்டுங்கள். தீனியையும் அவரிடமே கேளுங்கள். இந்த நோய்க்காரருக்குக் குளம்பழற்சி சுலபமாக வரும், உறைபனி படிந்த புல்லில் தேங்கும் சர்க்கரை அதைத் தூண்டக்கூடும்.

சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, குதிரைக்கு ஏற்ற சூழல், தீனி, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அதை வைத்திருப்பவர் பொறுப்பு. பணம் கட்டி யார்டில் விட்டிருந்தாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு. யார் போர்வை மாற்றுவது, யார் பனிக்கட்டி உடைப்பது என்பதை அக்டோபரிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போக வேண்டியிருந்தால்?

டிசம்பர், ஜனவரியில்தான் நம் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். தை பிறக்கும் நேரம் இங்கே கடுங்குளிர். மூன்று வாரம் போவதாக இருந்தால் அந்த வருடம் வெட்டவே வேண்டாம், சவாரியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வெட்டிவிட்டுப் போவதானால், பார்த்துக்கொள்பவருக்குப் போர்வைகளின் கழுத்துப் பட்டையில் கிராம் எண்ணைப் பெரிதாக எழுதி, எந்த நாளுக்கு எது என்று ஒரு தாளில் கொடுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்ப்பது எப்படி என்று நேரில் ஒருமுறை செய்தும் காட்டுங்கள்.

கடைசியாக எப்போது வெட்டலாம்? போர்வையை எப்போது நிறுத்துவது?

நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். ஜனவரி முடிந்த பிறகு இங்கே பலரும் கத்தரியைத் தொடுவதில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பகல் நீள்வதால் கோடை ரோமம் கிளம்பத் தொடங்கியிருக்கும், அதன் நுனியை வெட்டிவிடுவோம் என்பதுதான் காரணம்.

பிப்ரவரியில் பழைய ரோமம் கொத்துக் கொத்தாக வரும். ஆனால் போர்வையை அன்றே தூக்கிவைக்காதீர்கள். வெட்டிய இடத்தில் புது ரோமம் இன்னும் குட்டைதான், மார்ச் மழை இங்கே டிசம்பர் மழைக்குச் சளைத்ததில்லை. கனத்தைப் படிப்படியாக இறக்குவேன். முதலில் வெயில் பகலில் கழற்றிவிட்டு மாலையில் மாட்டுவது, அப்புறம் ராத்திரியும் 50, அப்புறம் வெறும் மழைத்தடுப்பு. ஏப்ரல் நடுவில் பெரும்பாலும் முடிந்துவிடும். கழற்றிய அன்று அவள் முதலில் செய்வது, வயலிலேயே ஈரமான இடமாகத் தேடிப் படுத்து இரண்டு பக்கமும் புரள்வது. அந்தச் சேற்றை நான் இரண்டு நாளைக்குத் தேய்ப்பதில்லை. போர்வைகளை மே மாதத்துக்குள் கழுவக் கொடுத்து, கிழிசல் தைத்து, மழைத்தடுப்புப் பூச்சு போட்டு வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுபோவார்கள், உங்களுடையது முதல் மழைக்குத் திரும்பி வராது.